எண்ணூருக்குள் ஓர் ஊட்டி

ஊட்டிக்காரிக்கு,

வீடு முழுக்க பெயிண்ட் வாடை. முந்தாநாள் காலையில் ஒரு டப்பாவைத் திறந்து, குச்சியை விட்டுக் கலக்கி, மறுபடி மூடிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். ஆனாலும் அன்று ராத்திரி சோற்றில் அந்த வாடை, நேற்றுக் காப்பியில் அந்த வாடை, இன்றைக்கு என் புடவைத் தலைப்பில்கூட அந்த வாடை. எரிச்சல் அடங்க மாட்டேன் என்கிறது. யாரிடம் போய்க் கத்தலாம் என்று யோசித்துப் பார்த்தேன். நான் கத்தினால் என்னைவிடப் பெரிதாகத் திருப்பிக் கத்தக்கூடிய ஆள் நீ ஒருத்திதான். அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்று தெரியும். இருந்தபோது மட்டும் படித்தாயா? எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "நீயே படிச்சி சொல்லுமே, எனுக்கு கண்ணுல பூச்சி பறக்குது" என்பாய்.

நடந்தது இதுதான். கம்பெனியிலிருந்து மூன்று பிள்ளைகள் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். எந்தக் கம்பெனி என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். நம் தெருவில் கம்பெனி என்றால் அந்தப் புகைபோக்கிதான். மொட்டை மாடிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறார்களாம். அடித்தால் வெயில் உள்ளே இறங்காதாம், கத்திரியிலும் வீடு குளுகுளுவென்று இருக்குமாம், நாம் ஒன்றும் கொடுக்க வேண்டாமாம். கத்திரி வெயிலில் வந்த பிள்ளைகளாயிற்றே என்று உட்காரவைத்து மோர் கொடுத்தேன். மோரைக் குடித்துக்கொண்டே அவர்களில் ஒருவன் சொன்னான்: "மேல இருக்கற பழைய சுண்ணாம்பு, சாம்பல் எல்லாத்தையும் மெஷின் வச்சு சுரண்டிடுவோம் ஆன்ட்டி. கொஞ்சம் தூசி வரும். ஜன்னலை மட்டும் மூடிக்கங்க."

கொஞ்சம் தூசி வருமாம்! எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ, அவன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிவிட்டேன். பாதி மோர் அதில் மிச்சமிருந்தது. குடிக்கிறவன் கையிலிருந்து பிடுங்கிய பாவம் எனக்கு வந்து சேரட்டும். அந்தப் பிள்ளை பயந்துபோய் எழுந்து நின்றான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவன் என்ன செய்வான், சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். ஆனால் அவன் சுரண்ட வந்தது உன் மாடியை.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று, மாடியும் ஒன்று. நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் மகனோடு காசிமேட்டுக்குப் போய்விட்டார், உங்கள் பக்கம் பூட்டிக் கிடக்கிறது. மாடிக்குக் கேட்பாரில்லை என்று நினைத்துவிட்டார்கள் போல. நான் ஒருத்தி இருக்கிறேன்.

இந்த மாடிக்குக் கீழே என் பின்னறை முன்னே எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த மளிகைக் கடைக்குப் பின்னால் வந்து சேர்ந்தபோது, வெயில் எனக்குப் பழக்கம்தான் என்று வாய் பேசினேன். முதல் சித்திரையிலேயே வாயடைத்துப் போனேன். எங்கள் ஊர் வெயிலில் வேர்வை காய்ந்துவிடும். இங்கே காயாது. மதியம் கடையைச் சாத்திவிட்டுப் பின்னறையில் படுத்தால், காங்கிரீட் கூரை தலைக்கு மேலே கொதித்தது. நீ கல் உப்பு வாங்க வந்தவள், கூடையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாய். "இன்னாமே, வூட்ட கட்டி வச்சிக்கிறியா, தோசக்கல்ல கவுத்து வச்சிக்கிறியா?" என்று கேட்டாய். நாம் முதன்முதலாகப் பேசியது அதுதான். எனக்கு உன் பேச்சு பாதி புரியவில்லை, சிரிப்பு மட்டும் வந்தது.

அதற்கப்புறம் தினமும் மதியம் நீ வருவாய். ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர்த் தெருவெல்லாம் சுற்றி விற்று முடித்து, குளித்துவிட்டு வருவாய். மேல்காற்று அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் உட்கார்ந்து வெந்துகொண்டிருப்போம். கடல்காற்று இறங்கினால்தான் உயிர் வரும். காற்றின் பெயரெல்லாம் நீதான் சொல்லிக்கொண்டிருப்பாய். தரையிலிருந்து வருகிற சூட்டுக் காற்றுக்குக் கச்சான், தெற்கிலிருந்து வருகிறதுக்குத் தென்னல். கச்சானை நீ திட்டுகிற திட்டுக்கு அதற்குக் காது இருந்தால் இந்தப் பக்கமே வந்திருக்காது.

அந்த நாளில்தான் ஆற்றில் சாம்பல் ஏற ஆரம்பித்தது. கம்பெனி நிலக்கரி எரித்த சாம்பலைக் கொண்டுபோகிற குழாய் அத்திப்பட்டுப் பக்கம் எங்கேயோ உடைந்து உடைந்து ஒழுக, ஆறு தூர்ந்துகொண்டே வந்தது. ஆளுயரத் தண்ணீர் இருந்த இடத்தில் உன் வீட்டுக்காரர் முழங்கால் தெரிய நடந்து வந்தார். மட்டி இல்லை, இறால் இல்லை, நண்டு சாம்பல் பூசிக்கொண்டு வந்தது. ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. நீ மட்டும் கரையில் குந்தி, ஒரு பிடி சாம்பலை அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எங்கம்மா அடுப்பு நெருப்ப ராவெல்லாம் சாம்பல போட்டு மூடி வைக்கும்மே. காலில பாத்தா உள்ள கங்கு அப்டியே கீது. சூட்ட உள்ளார வச்சிக்கினு இருக்கற சாமான், சூட்ட வெளிய நிக்கவைக்காதா இன்னா?" என்றாய். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. "ஆத்த தூத்துச்சு இல்ல, அத்த வச்சே நாம ஜில்லுனு படுத்துக்கலாம். அந்த கம்பெனிக்காரனுக்கு ஒரு ஆப்பு" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாய். நீ ஒன்றை முடிவு செய்துவிட்டால் செய்துவிட்டாய்தான், யார் தடுக்க முடியும்.

மீன்பாடி வண்டி ஒன்றைப் பிடித்தாய். நீ மிதிக்க, நான் பின்னால் தள்ள, ஆற்றோரத்திலிருந்து சாம்பல் வந்தது. நீதான் சலித்தாய், நீதான் கிளிஞ்சல் சுண்ணாம்பும் மணலும் சேர்த்துக் குழைத்தாய், நீதான் மாடி முழுக்கக் கனமாகப் பரப்பி மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினாய். நான் தண்ணீர் தெளித்தேன், வாயாடினேன். மேலே வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்தபோது, நான் போட்ட உப்பைப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மிமே" என்றாய். சுண்ணாம்பு ஒட்டுவதற்கு உப்புப் போட வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ நான் வைத்த குழம்புக்கும் அதையே சொல்வாய், ரசத்துக்கும் அதையே சொல்வாய், ஒரு தடவை பாயசத்தை வாயில் வைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் அதையே சொன்னாய்.

காய்ந்த பிறகு ஒரு மதியம் பின்னறைக் கதவைத் திறந்தோம். சிவப்புத் தரை உள்ளங்காலில் குளிர்ந்தது. நீ மல்லாக்கப் படுத்து, கையையும் காலையும் விரித்துப்போட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "ஊட்டிமே இது." நீயும் ஊட்டியைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. இன்றைக்கு வரைக்கும் நான் பார்த்ததில்லை, பார்க்கிற ஆசையும் இல்லை.

என்ன சுகமான வாழ்க்கை வாழ்ந்தோம் அந்த அறைக்குள்! வேறு யாராவது கேட்டால் அதெல்லாம் ஒரு சுகமா என்பார்கள். சாக்கு சுற்றி நனைத்து வைத்த பானையில் வெட்டிவேர்த் தண்ணீர். மோர் விட்டுக் கரைத்த பழைய சோறு, நீ வறுத்துக் கொண்டுவருகிற நெத்திலிக் கருவாடு, மிளகாய்த்தூள் தூவிய கிளிமூக்கு மாங்காய். நுங்கு கிடைத்த அன்று நுங்கு. தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்து, தலையை விரித்துப்போட்டுப் படுத்துவிடுவோம். உனக்குத் தலையணை ஆகாது, மணைக்கட்டைதான் வேண்டும். கடல்காற்று உள்ளே வருவதற்குள் நீ குறட்டை விட ஆரம்பித்துவிடுவாய். வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது என்பது உன் சட்டம். "ஊட்டிக்கு போனவள எவனாவது டீ போட கூப்டுவானா?" என்பாய். உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குத் தாங்களே டீ போட்டுக் குடிக்கப் பழகினார்கள். உலகத்தில் எந்த மகராணிக்கும் அதைவிடப் பெரிய சுகம் கிடைத்திருக்காது.

என் மாமியார் விஷயத்தை நினைத்தால் இந்தக் கோபத்திலும் சிரிப்பு வருகிறது. ஊரிலிருந்து அவர் போன் செய்ய, எடுத்தது என் மகள். அம்மா எங்கே என்று கேட்டதற்கு, "அம்மா ஊட்டிக்குப் போயிருக்காங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டாள். எப்போது வருவாள் என்று கேட்டதற்கு, "நாலு மணிக்கு எந்திரிச்சு வருவாங்க" என்றாளாம். அந்தப் பின்பாதி அவர் காதில் ஏறவே இல்லை. கோயில் கொடைக்கு வராதவள் ஊட்டிக்குப் போய்க் கூத்தடிக்கிறாள் என்று சொந்தக்காரர் வீடெல்லாம் செய்தி போய்விட்டது. கையும் களவுமாகப் பிடிக்க ரயிலேறியே வந்துவிட்டார். நீ கொஞ்சமும் அசரவில்லை. அவர் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப்போய், "குந்துங்கம்மா, இதான் ஊட்டி. டிக்கெட்டு கூட வாணாம்" என்றாய். முறைத்துக்கொண்டே சுவரோரமாகச் சாய்ந்தவர், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தார். எழுந்து சொன்னது என்ன? "எனக்கு ஏட்டி முன்னமே சொல்லல?" அதற்கப்புறம் ஒவ்வொரு கோடைக்கும் வந்தார்.

மாமியாருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி. தெருவில் ஒவ்வொருத்தராகக் கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு ஊட்டி போட்டுக்கொடு என்று. ஆற்றில் மீன் இல்லாமல் போன பிறகு உனக்கும் மதியத்துக்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது. பங்குனி பிறந்தால் போதும், சல்லடையும் தட்டுக்கட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். நம் தெரு முடிந்து அடுத்த தெரு, அது முடிந்து குப்பத்துப் பக்கம். வெயில் ஏறும் முன்னால் நீ மாடியில் சாம்பல் சலிக்கும் சத்தம் எனக்குக் கடையில் கேட்கும். ஊட்டி போடறவ என்றால் உன்னைத்தான் காட்டுவார்கள். நீ ஆக்கிவைத்த மாடிகளுக்குக் கீழே எத்தனை பேர் கத்திரியில் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிற்பாடு ஆற்றோரத்துச் சாம்பல் போதாமல், கம்பெனி வேலியோரத்துக் குவியலுக்கே போனோம். வாசலில் காவலுக்கு நின்றவன் நம்மை விரட்டவே இல்லை. "எவ்ளோ வேணும்னாலும் அள்ளிக்கங்கம்மா, எங்களுக்கும் எடம் காலியாகும்" என்றான். அவன் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டியிருந்தான். நீ அவனைப் பார்த்து, "இன்னா சார், மூஞ்ச கட்டிகினு கீற, பல்லு வலியா?" என்று கேட்டாய். உண்மையிலேயே பல்வலி என்று நினைத்துத்தான் கேட்டாய். கிராம்பு வைத்துக்கொள்ளச் சொன்னாய். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்குத் தெரியும். அவனைக் கட்டிக்கொள்ளச் சொன்னவர்களுக்கும் தெரியும். ஒரு வார்த்தை, "நீங்களும் கட்டிக்கங்கம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்ன செலவு? நாசமாய்ப் போக.

இருமல் வந்தபோது முதலில் அதை ஜல்பு என்றாய். மிளகுக் கஷாயம் குடித்தாய். நான் துண்டை எடுத்து உன் மூக்கைக் கட்டிவிட்டால், நான் படியிறங்குவதற்குள் அவிழ்த்துப் போட்டுவிடுவாய். "மூச்சு முட்டுதுமே, பேஜாரா கீது." மூச்சு எதனால் முட்டியது என்று உனக்கு அப்போதே கொஞ்சம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் போனாய். இந்தத் தெருவுக்குச் சொல்லியாச்சு, அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, சூட்டில் கொப்புளம் போட்டுவிடும் என்று காரணம் சொல்லிக்கொண்டே போனாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான். செத்தவளைத் திட்டக் கூடாது என்பார்கள். எனக்கு அந்த மரியாதையெல்லாம் வராது. ஊருக்கெல்லாம் குளிரப் போட்டாயே, உன் நெஞ்சுக்குள் என்ன போட்டுக்கொண்டாய் என்று ஒரு நாளாவது பார்த்தாயா, அறிவு கெட்டவளே.

பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். அந்த டாக்டர் தலையைக் குனிந்தபடியே கேட்டார்.

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?"

"அய்ய, இன்னா சார்."

"வீட்டுல விறகடுப்பா?"

"கேஸு சார்."

"அப்புறம் எதுல வந்துது இந்த இருமல்?"

"தெர்ல சார். மீன் வேலதான். அப்பால வருசா வருசம் கத்திரிக்கு முன்ன ஊட்டி…" என்று ஆரம்பித்தாய். அதற்கு மேல் இருமல் வந்து மிச்சத்தைத் தின்றுவிட்டது.

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். மீன் விற்கிறவளை மேலும் கீழும் ஒரு பார்வை. "வருஷா வருஷம் ஊட்டியா? பரவாயில்லையே! அதான் விஷயம். இனிமே குளிர் ஊருக்கெல்லாம் போகாதீங்க" என்றார். இல்லை சார், ஊட்டி என்றால் சாம்பல் என்று நான் வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்து நாம் சிரித்த சிரிப்பு! தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஊட்டிக்கு போவக் கூடாதாம்மே! அப்ப கொடைக்கானல் போலாமா?" சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை, உன்னைப் பெஞ்சில் படுக்கவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. பிறகு வேறொரு டாக்டரிடம் போய் முழுக்கச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார், படம் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். ஊட்டிக்கு என்று நீ சொல்லவில்லை. அப்போது உனக்குப் பேச மூச்சில்லை.

கடைசிக் கோடையில் உன்னால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு ஏறிக்கொண்டது. மாடி போட்டவளுக்கே அதன் கீழே படுக்கக் கொடுத்து வைக்கவில்லை. சுவரில் சாய்ந்தால் எலும்பு குத்துகிறது என்றாய். அதனால் நான் தரையில் உட்கார்ந்துகொள்ள, நீ என் முதுகில் முதுகைச் சாய்த்துக்கொண்டாய். கத்திரி முழுக்க மதியத்தை அப்படித்தான் கழித்தோம். உன் மூச்சு ஏறுவதும் இறங்குவதும் என் முதுகுக்குத் தெரியும். நடுவில் நின்றால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், நீ விட்ட பிறகுதான் நானும் விடுவேன். நான் ஊட்டிவிட்ட கஞ்சியை ஒரு வாய் வாங்கிக்கொண்டு அப்போதும் சொன்னாய், "உப்பு கம்மிமே" என்று. ஐப்பசி அடைமழையில் நீ போனாய். அன்றைக்கு எல்லா வீடும் ஒழுகியது, நம் வீடு ஒழுகவில்லை.

இரண்டு கோடை போய்விட்டது. இன்றைக்கும் அந்த அறை ஜில்லென்றுதான் இருக்கிறது. வெளியே தார் உருகுகிறது, நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினால் உடம்பு தானாகத் தளர்கிறது. சொக்கிக்கொண்டு வருகிறது. சுகமாக இருக்கிறது, அதுதான் என் கோபம். உன்னைக் கொன்ற சாமானுக்குக் கீழே படுத்துக்கொண்டு எனக்கு எப்படித் தூக்கம் வருகிறது? ஒரு நாள் வெறி பிடித்து, கூடத்துச் சூட்டிலேயே கிடந்து சாகலாம் என்று அங்கே பாயை விரித்தேன். வேர்த்து ஊற்றியது. "சொம்மா நாடகம் ஆடாத, உள்ள போய் படுமே" என்று நீ சொல்வது காதில் விழுந்தது. உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

முந்தாநாளுக்கு வருகிறேன். டம்ளரைப் பிடுங்கியதும் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் சமாதானம்தானே. "ஓசியிலதான அடிக்காங்க, அடிச்சிட்டுப் போட்டுமே" என்றார். எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "ஓசியில அள்ளிட்டு வந்ததுதான் அவளக் கொண்டு போச்சுல்லா! இன்னும் என்ன ஓசி வேணும் ஒங்களுக்கு?" என்றேன். அவர் கடைக்குப் போய்விட்டார்.

வாசல் சுவரில் ஒரு தகர போர்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பெயிண்ட் அடித்து முடித்ததும் அதை முகப்பில் ஆணியடிப்பார்களாம். பச்சை இலை ஒன்று, அதற்குள் ஒரு வீடு, கீழே, 'குளிர்ந்த இல்லம் – எங்கள் அன்பளிப்பு' என்று கம்பெனி பெயர். அன்பளிப்பாம், அன்பளிப்பு! நான் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டேன். சுரண்ட வேண்டாம், பெயிண்டும் வேண்டாம், இந்த வீடு ஏற்கெனவே குளிர்ந்துதான் இருக்கிறது. அதைக் குளிரவைத்தவள் பெயரை இந்த போர்டில் எழுதித் தருவீர்களா?

"யார் ஆன்ட்டி அவங்க?"

"இந்த மாடியப் போட்டவ."

"அதெல்லாம் எங்க கையில இல்ல ஆன்ட்டி. போர்டு எழுதித்தான் வரும். சார் வருவாரு, அவர்கிட்ட கேளுங்க." டப்பாவையும் போர்டையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நேற்று வெயில் வருவதற்கு முன்னால் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். கொதித்துப் பொங்கியது. அந்த வாசனைதான் பெயிண்ட் வாடையைக் கொஞ்ச நேரமாவது விரட்டியது. மூட்டு வலியோடு படியேறினேன். உன் மாதிரி மூன்று கை சுண்ணாம்பு அடிக்க முடியவில்லை, இரண்டு கைதான். மூக்கைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன், நீ பார்த்திருந்தால் பல்வலியா என்று கேட்டிருப்பாய். உன் பக்கத்து மாடிக்கும் சேர்த்தே அடித்தேன். நீ தட்டுக்கட்டையால் தட்டிய தடம் இன்னும் மாடியில் இருக்கிறது, குனிந்து பார்த்தால் தெரியும். அதன்மேல் அடிக்கும்போது என்னென்னவோ திட்டினேன். கம்பெனியை, காவல்காரனை, டாக்டரை, உன்னை, கச்சானை. எதிர்வீட்டுக்காரர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அடித்து முடித்து இறங்கும்போது அந்த போர்டு கண்ணில் பட்டது. நல்ல கனமான தகரம். கழுவி, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவர்மேல் மல்லாக்க வைத்தேன். காலையில் வாங்கி உப்பில் போட்டிருந்த நெத்திலியை அதன்மேல் வரிசையாகப் பரப்பினேன். இலைமேல் கொஞ்சம், வீட்டின்மேல் கொஞ்சம், அன்பளிப்பின்மேல் நிறைய.

இன்று காலை அந்தச் சார் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. மாடியேறினார். புதுச் சுண்ணாம்பு வெயிலில் கண்ணைக் கூச, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். அப்புறம் மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது, கம்பெனி போர்டு மேல போய் மீனைக் காய வச்சிருக்கீங்க?"

"நல்லாச் சூடாகுது சார். கருவாடு சீக்கிரமாக் காயுது."

"எழுத்தெல்லாம் நாத்தம் புடிச்சுடும்மா. அப்புறம் என்ன பண்ணினாலும் போகாது."

"சாம்பல் போட்டுத் தேய்ச்சாப் போயிரும் சார். ஒங்ககிட்டதான் நெறையக் கெடக்கே, எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்கச் சொன்னீயளே."

அவர் என்னையே பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார். பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன், எடுத்துக்கொண்டார். போர்டை எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் திருப்பிக் கேட்டு ஆள் வரலாம், வரட்டும். சுரண்டுகிற மெஷினோடும் வரலாம். நான் படியில்தான் உட்கார்ந்திருப்பேன். நான் இருக்கிற வரைக்கும் உன் மாடியில் ஒருத்தன் கை வைக்கட்டும் பார்க்கலாம்.

மதியம் கடையைச் சாத்திவிட்டு ஊட்டிக்கு வந்தேன். தரையைத் துடைத்தேன், ஜன்னலைத் திறந்தேன், பழைய சோற்றில் மோர் விட்டுக் கரைத்தேன். போர்டிலிருந்து நாலு நெத்திலியை எடுத்து வந்து வறுத்தேன். சுவரில் சாயாமல் நடுத் தரையில்தான் உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் உட்காரத் தெரிகிறது, பின்னால் ஒருத்திக்கு இடம் விட்டு. காற்று இறங்கிவிட்டது. ஒரு கருவாட்டை வாயில் வைத்தேன். மொறுமொறுவென்றுதான் இருந்தது. உப்பும் சரியாகத்தான் இருந்தது, கடைக்காரி எனக்குத் தெரியாதா?

ஆனாலும் யாராவது சொல்ல வேண்டுமே என்று, காலி அறையைப் பார்த்து நானே சத்தமாகச் சொன்னேன்.

"உப்பு கம்மிமே."

இப்படிக்கு,
கடைக்காரி